வாடைக்கு யன்னலை அடைக்கும்போது

2022 மார்கழியில், மாண்டஸ் புயலை ஒட்டிய நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்து இறந்தன. பனி உறையாத மண்ணில் குளிர் கொல்லுமா என்று அப்போது பலர் வியந்தனர். நனைந்த உடம்பில் இடைவிடாது காற்று அடித்தால் உடற்சூடு மிக விரைவாக வெளியேறிவிடும். பாயில் படுக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் இது பொருந்தும்.

இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்துத் திரும்பியோரின் பழைய வீடுகளில் யன்னல்கள் தாம் முதலில் பழுதாகியிருக்கும். வர்ணமின்றி நனைந்தும் காய்ந்தும் பலகை முறுகிவிடும். நிலை சுவரை விட்டு விலகிவிடும். காற்று வீசும் இரவில் குப்பி விளக்கை நிலையோரமாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். (துணிகளை முன்பே அகற்றிவிடுங்கள்.) சுடர் சாயும் இடமே ஓட்டை. பெரும்பாலும் அது கதவில் அல்ல, நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும். உமி கலந்து பிசைந்த களிமண்ணால் உட்புறத்தை அடைக்கலாம். மழை அடிக்கும் வெளிப்புறத்துக்குச் சீமெந்துச் சாந்து வேண்டும். கதவு வந்து பொருந்தும் விளிம்பில் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி ஆணியடித்தால் போதும். கதவு இறுகுகிறதென்று மாரியில் மட்டும் சீவ விடாதீர்கள். ஈரத்தில் பருத்த மரம் கோடையில் சுருங்கும். அப்போது இடைவெளி இன்னும் பெரிதாகும்.

இரவில் கதவுக்கு உட்புறம், நான்கு விரல் இடைவெளி விட்டு, ஒரு சாக்கைத் தொங்க விடுங்கள். நடுவில் அசையாது நிற்கும் காற்றே குளிரைத் தடுக்கும். கனடாவில் பழைய வீடுகளில் இருப்போர் கண்ணாடிக்கு உள்ளே பிளாஸ்ரிக் தாள் ஒட்டுவதும் இதற்காகத்தான்.

ஆனால் எல்லா யன்னலையும் அடைத்துவிடக் கூடாது. வாடை வடகிழக்கிலிருந்து வருவது; அந்தப் பக்கங்களை அடைத்து, தெற்கிலோ மேற்கிலோ ஒன்றைத் திறந்து விடுங்கள். பிள்ளை பெற்ற தாய்க்குச் சூடு வேண்டுமென்று, அடைத்த அறையில் தணற்சட்டி வைப்பது மிக ஆபத்தானது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. உறங்குபவர் எழும்பாமலே போய்விடுவார். படுக்குமுன் சட்டியை வெளியே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

ஆட்டுக் கொட்டிலுக்கும் வடகிழக்குப் பக்கத்தில், நிலத்திலிருந்து ஆட்டின் தலைக்கு மேல் வரை கிடுகு கட்டினால் போதும். கூரையோரம் திறந்தே இருக்கட்டும்.