திரையில் தமிழெழுத்து: கணினித் திரையைத் தேர்ந்தெடுக்கும் முறை

கணினித் திரை வாங்கச் செல்வோர் பெரும்பாலும் விலையையும் அளவையும் மட்டுமே வினவுகின்றனர். தமிழ் கற்பிப்போரும் கற்போரும் மற்றொரு வினாவையும் எழுப்புதல் வேண்டும்: இத்திரையில் 'கெடு' என்பதும் 'கேடு' என்பதும் ஐயமின்றி வேறுபட்டுத் தோன்றுகின்றனவா?

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே எழுதப்பட்டன. எகர ஏகாரக் கொம்புகளும் ஒன்றுபோலவே இருந்தன. படிப்பவர் இடம்நோக்கிப் பொருள் உணர்ந்தார். புலமை மிக்கோர்க்கு அஃது இயன்றது. வாரத்தில் சில பாடவேளைகளே தமிழைக் காணும் இன்றைய மாணவர்க்கு அஃது எளிதன்று. அச்சு தெளிவாக்கிய வேறுபாட்டைத் திரை மீண்டும் மங்கச் செய்தல் ஆகாது.

முதலில் நோக்கவேண்டியது புள்ளியடர்த்தி. திரையில் தோன்றும் எழுத்து, பிக்சல் எனப்படும் நுண்புள்ளிகளால் ஆனது. 1920 × 1080 பிக்சல் கொண்ட 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 92 புள்ளிகள் அமையும். அதே எண்ணிக்கை 27 அங்குலத் திரையில் பரவினால் 82 ஆகக் குறையும். எனவே பெரிய திரை தெளிவான திரையாகிவிடாது. 27 அங்குலத்தில் 2560 × 1440 இருப்பின் 109 புள்ளிகளும், 4கே எனப்படும் 3840 × 2160 இருப்பின் 163 புள்ளிகளும் கிடைக்கும். ஏகாரக் கொம்பின் மேற்சுழி, ணகரத்தின் கூடுதல் சுழி, மெய்ப்புள்ளி ஆகியவை இவ்வடர்த்தியில்தான் நன்கு துலங்கும். 4கே திரையில் எழுத்து மிகச் சிறுத்துத் தோன்றுமாதலின், கணினியின் அமைப்பில் உருப்பெருக்கத்தை 150 விழுக்காடு அளவிற்கு உயர்த்திக்கொள்க.

அடுத்தது திரைத்தகட்டின் வகை. ஐபிஎஸ் தகட்டில் பக்கவாட்டிலிருந்து நோக்கினும் நிறம் பெரிதும் மாறாது. இருவர் மூவர் சேர்ந்து படிக்க ஏற்றது. விஏ தகட்டில் கருமை ஆழமாக இருக்கும். ஆயின் ஓரத்திலிருந்து நோக்கின் நிறம் சற்று வெளிறும். விளக்கொளி மிகுந்த வகுப்பறைக்குப் பளபளப்பற்ற மேற்பரப்பே நன்று.

நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை ஹெர்ட்ஸ் குறிக்கும். வாசிப்பிற்கு 60 ஹெர்ட்ஸ் போதும். 144 ஹெர்ட்ஸ் விரைவான விளையாட்டுகளுக்குப் பயன்படுவது. அதற்குச் செலவிடும் தொகையைப் புள்ளியடர்த்திக்குச் செலவிடுதல் தக்கது. உயரத்தை மாற்றவல்ல தாங்கியும் வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழோ அமைதல் கழுத்திற்கு நலம்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். 'கொடு, கோடு, பெறு, பேறு, மனம், மணம்' என 12 புள்ளி அளவில் தட்டச்சு செய்து, ஒரு கைநீளத் தொலைவிலிருந்து படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்காமல் படிக்க இயலுமாயின், அத்திரை தமிழ் வாசிப்பிற்கு உகந்தது.