கல்லுக்குள் ஓர் ஆண்டு: திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல்

மனிதன் எழுப்பிய பெருங்கட்டடங்களை நாம் பெரும்பாலும் உயரத்தாலும் எழிலாலும் நினைவில் வைக்கிறோம். ஆயினும் அவற்றுட் பல, காண்பதற்கு மட்டுமின்றிப் படிப்பதற்கும் உரியவை. கிரனாடாவிலுள்ள அல்ஹம்ரா மாளிகையில், சிங்கங்கள் தாங்கும் நீரூற்றுத் தொட்டியின் விளிம்பில் புலவர் இப்னு ஸம்ரக்கின் கவிதை பொறிக்கப்பட்டுள்ளது. தாஜ்மஹாலின் உள்ளே எழுத்தணி செய்த ஷீராஸ் நகரத்து அமானத் கான், தம் பெயரையும் ஹிஜ்ரி 1048 என்னும் ஆண்டையும் பதித்துச் சென்றார். 1889இல் எழுந்த பாரிஸின் ஈஃபிள் கோபுரத்திலும், முதல் தளத்தின் கீழே நாற்புறமும் 72 அறிவியலாளர், பொறியாளர் பெயர்கள் உள்ளன. படிக்கத் தெரியாதவருக்கு இவை வெறும் அலங்காரம், தெரிந்தவருக்கோ வரலாறு.

அவ்வாறு படிக்கத்தக்க கட்டடம் ஒன்று நம் சென்னையிலேயே உண்டு. திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசல் என்று மக்கள் வழங்கும் வாலாஜா பள்ளிவாசலே அது. 1749 முதல் 1795 வரை ஆர்க்காட்டு நவாபாக விளங்கிய முஹம்மது அலீ வாலாஜாவின் பெயரைத் தாங்கி, கருங்கல்லால் எழுந்து நிற்கிறது. கட்டுமானத்தில் மரமோ இரும்போ பயன்படுத்தப்படவில்லை என்று சென்னையின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். லக்னோவின் ஃபிரங்கி மஹல் கல்வி மரபில் வந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலீ இவ்வளாகத்தில் அடங்கியிருக்கிறார். 1972இல் மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிபின் அடக்கத்தலமும் இங்கேயே உள்ளது.

இப்பள்ளியின் தனிச்சிறப்பு அதன் ஆண்டுக் கல்வெட்டாகும். அதில் ஆண்டு எண்ணால் எழுதப்படவில்லை; சொற்களுக்குள் மறைத்து வைக்கப்பட்டுள்ளது. இதனை அறிய 'அப்ஜத்' கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அரபு எழுத்துகள் 28இற்கும் மதிப்பு உண்டு: அலிஃப் 1, பே 2, ஜீம் 3, தால் 4 என்று தொடங்கி 10 வரையிலும், பின்னர்ப் பத்துப் பத்தாக 100 வரையிலும், அதன்பின் நூறு நூறாக 1000 வரையிலும் அவை ஏறிச் செல்லும். கடைகளிலும் வீட்டு வாயில்களிலும் நாம் காணும் 786 என்னும் எண், பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளை இம்முறையில் கூட்டிக் கிடைத்ததே. இம்முறையில் ஆண்டை உணர்த்தும் சொற்றொடரைப் பாரசீகப் புலவர்கள் 'தாரீக்' என்றனர். கட்டடம் எழுந்தாலும் அறிஞர் மறைந்தாலும் தாரீக் யாப்பது அவர்தம் மரபு.

வாலாஜா பள்ளிவாசலின் தாரீக், 'திக்ருல்லாஹி அக்பர்' என்பது. அல்லாஹ்வை நினைவுகூர்வதே மிகப் பெரிது என்பது அதன் பொருள். கணக்கிட்டுப் பார்ப்போம். திக்ர் என்பதில் தால் 700, காஃப் 20, ரே 200, ஆக 920. அல்லாஹ் என்பதில் அலிஃப் 1, லாம் 30, மீண்டும் லாம் 30, ஹே 5, ஆக 66. அக்பர் என்பதில் அலிஃப் 1, காஃப் 20, பே 2, ரே 200, ஆக 223. மூன்றையும் கூட்டினால் 1209. இதுவே ஹிஜ்ரி ஆண்டு.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இத்தொடரை ஓதும்போது அல்லாஹ் என்னும் சொல்லின் முதல் அலிஃப் ஒலிப்பதில்லை. எனினும் எழுத்தில் அது நிற்பதால் கணக்கில் சேரும். ஒலியை மட்டும் நம்பி எண்ணுபவர் 1208 என்று தவறாகக் கூறிவிடுவார்.

மற்றொன்றும் இதனால் தெளிவாகிறது. இப்பள்ளி 1794இல் கட்டப்பட்டது என்று சிலரும், 1795இல் கட்டப்பட்டது என்று சிலரும் எழுதுவர். ஹிஜ்ரி 1209, 1794 ஜூலை இறுதியில் தொடங்கி 1795 ஜூலை நடுவில் முடிந்தது. ஆகவே ஒரே ஹிஜ்ரி ஆண்டு இரு கிறித்தவ ஆண்டுகளைத் தொடுகிறது. முரண் கல்லில் இல்லை, மாற்றி எழுதிய கணக்கில் உள்ளது. அவ்வாண்டு முடிந்து மூன்று திங்களில், 1795 அக்டோபரில், நவாப் காலமானார்.

இந்தத் தாரீக்கை யாத்தவர் ராஜா மக்கன் லால். 'கிரத்' என்பது அவருடைய புனைபெயர். பாரசீகத்தில் அறிவு என்று பொருள். அவர் ஒரு ஹிந்து. இறையில்லம் ஒன்றின் பிறப்பாண்டை, இறைநினைவின் மேன்மையைக் கூறும் சொற்களிலேயே கண்டெடுத்து அமைக்கும் அளவுக்கு அவர் அம்மொழியிலும் அம்மரபிலும் ஊறியிருந்தார். அவரிடம் அதனைக் கேட்டுப் பெற்றுக் கல்லில் பொறித்தவர்களின் உள்ளமும் விரிந்தது. சமய நல்லிணக்கம் பற்றி நாம் ஆற்றும் நீண்ட உரைகளைவிட அம்மூன்று சொற்கள் உறுதியாகப் பேசுகின்றன.

ஆனால் அவற்றைப் படிக்க வல்லார் இன்று எத்துணைப் பேர்? தாம்பரம், முடிச்சூர் முதலிய தென்சென்னைப் புறநகர்களிலும், நம் பழைய ஊர்களிலும், தொழுகையாளர் பெருகப் பெருகப் பள்ளிவாசல்கள் இடித்து விரித்துக் கட்டப்படுகின்றன. அது தேவையே. எனினும் பழைய சுவரோடு பழைய எழுத்தும் போய்விடலாகாது. சுண்ணாம்பு பூசுமுன்னும் பளிங்கு பதிக்குமுன்னும், இருக்கும் கல்வெட்டை ஒளிப்படம் எடுத்து, மைப்படி எடுத்து, அரபு மதரஸா ஆசிரியர் ஒருவரைக் கொண்டு படித்தெழுதி வைப்பது ஒரு நாள் வேலை. இந்தியத் தொல்லியல் துறையும் அரபு, பாரசீகக் கல்வெட்டுகளுக்கென நாகப்பூரில் தனிப் பிரிவு வைத்துள்ளது. கல்லைப் புதிய சுவரிலேயே கண்ணில் படும் இடத்தில் பதித்துவிட்டால், அடுத்த தலைமுறை அதன் கீழ் நின்று எண்ணிப் பார்க்கும்.

உயரமான கட்டடத்தைப் பின்னர் வருபவர் இன்னும் உயரமாகக் கட்டிவிடலாம். அழிந்த எழுத்தை மீண்டும் எழுத, அதை எழுதியவரும் இரார், படித்தவரும் இரார்.