மொழி கற்கும் மனம் – 9: தெரிந்த மொழிகளில் எது கைகொடுக்கும்?

முதல் அயல்மொழியைக் கற்பவருக்குத் துணை தாய்மொழி ஒன்றுதான். அடுத்த அயல்மொழிக்குப் போகும்போது துணைகள் கூடிவிடுகின்றன. அவற்றில் எது முந்திக்கொண்டு வரும் என்பது கற்பவர் கையில் முழுதாக இல்லை.

தெரிந்த மொழி புதிய மொழியில் குறுக்கிடுவதை 1953-இல் உரியேல் வைன்ரைக் விரிவாக ஆராய்ந்தார். ஒத்திருப்பது எளிது, மாறுபடுவது கடினம் என்று 1957-இல் ராபர்ட் லாடோ கணக்குப் போட்டார். கணக்கு அவ்வளவு நேராக இல்லை. சாரா வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் ஸ்வீடிஷ் கற்றபோது அவர் பேசியவற்றைப் பதிவுசெய்து, பியோர்ன் ஹாமர்பெர்யும் அவரும் 1998-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். சொல் கிடைக்காத இடங்களில் அவர் புதுச்சொல் புனைய எடுத்துக்கொண்டது தாய்மொழியான ஆங்கிலத்தை அல்ல, முன்பு நன்றாகக் கற்றிருந்த ஜெர்மனை. ஐயம் கேட்கவும் தன் பேச்சைத் தானே திருத்தவும்தான் ஆங்கிலம் வந்தது. இரு மொழிகளின் நெருக்கம், பழகிய அளவு, அண்மையில் பயன்படுத்தியது, இவற்றோடு "இதுவும் அயல்மொழிதானே" என்ற மனநிலையும் சேர்ந்து துணைமொழியைத் தீர்மானிப்பதாக அவர்கள் கருதினர்.

உண்மையான நெருக்கத்தைப் போலவே, நெருக்கம் இருப்பதாகக் கற்பவர் நம்புவதும் முக்கியம். ஆங்கிலம் கற்ற டச்சு மாணவர்களை 1970-களின் பிற்பகுதியில் எரிக் கெல்லர்மன் சோதித்தார். உடைத்தல் என்னும் டச்சு வினையை, காலை உடைத்துக்கொண்டதற்கு ஆங்கிலத்திலும் துணிந்து ஏற்றார்கள். வேலைநிறுத்தத்தை உடைப்பதற்கு ஏற்கத் தயங்கினார்கள். இரண்டு பயன்பாடும் இரு மொழிகளிலும் உண்டு என்பதுதான் வேடிக்கை.

தமிழர் ஜப்பானியம் கற்பது இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. அமெரிக்க வெளியுறவுப் பணிப் பயிற்சி நிறுவனம் ஜப்பானியத்துக்கு ஒதுக்கும் வகுப்பு நேரம் சுமார் 2,200 மணி. தமிழுக்கு 1,100. இது ஆங்கிலம் பேசுவோருக்கான அளவுகோல்; தமிழருக்குக் கணக்கு வேறு. ஜப்பானிய வாக்கியத்திலும் வினை கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு போன்ற இடைச்சொல் பெயருக்குப் பின்னால் ஒட்டும். "கினோ கத்தா ஹோன்" என்பது சொல்லுக்குச் சொல் "நேற்று வாங்கிய புத்தகம்". "தாபெதெ மிதெ" என்றால் "சாப்பிட்டுப் பார்". சுவைத்துப் பார்க்கச் சொல்வதற்கு அங்கேயும் பார்த்தல் வினையே துணைவினை. "கொரே, சொரே, அரே" என்ற மூன்று சுட்டுகளில் நடுவிலுள்ளது கேட்பவர் அருகில் இருப்பதைக் காட்டும். இது, உது, அது என்று இன்றும் பேசும் யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கவே வேண்டாம். நெடிலும் இரட்டிப்பும் பொருளை மாற்றுவதும் தமிழ்க் காதுக்குப் புதிதல்ல: "ஒபசான்" அத்தை, "ஒபாசான்" பாட்டி.

இந்த ஒற்றுமைகளை வைத்து இரு மொழிகளும் உறவு என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கற்பவருக்கு அந்த வழக்கு முடிய வேண்டிய அவசியமில்லை. அமைப்பு ஒத்திருந்தாலே போதும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. "கின்" என்று தமிழில் எழுதினால் அது தங்கமா வெள்ளியா என்று தெரியாது. முதலெழுத்தை அதிர்வில்லாமல் ஒலித்தால் தங்கம், அதிர்வோடு ஒலித்தால் வெள்ளி. இங்கே ஆங்கிலமோ இந்தியோ பழகிய காது உதவும். ஜப்பானியத்தில் வழங்கும் சீன எழுத்துகளான கான்ஜிக்குச் சீனம் தெரிந்திருந்தால்தான் லாபம்.

ஜெர்மனில் நிலைமை வேறு. சொற்களில் ஆங்கிலம் வாரி வழங்குகிறது: "ஹவுஸ்" வீடு, "வாஸ்ஸர்" தண்ணீர். ஆனால் "கிஃப்ட்" பரிசல்ல, விஷம். "இன்று" என்று வாக்கியத்தைத் தொடங்கினால் ஜெர்மனில் அடுத்து வினை வரவேண்டும்; ஆங்கிலப் பழக்கம் அங்கே "நான்" என்பதைக் கொண்டுவந்து வைக்கும். காரணம் சொல்லும் துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போகும். தமிழருக்கு இது பழகிய இடம். பாடத்தை ஆங்கிலம் வழியாகவே யோசிப்பவருக்கு அதுவும் விதிவிலக்காகவே படுகிறது.

ஆகவே தமிழ் மாணவருக்கு ஜப்பானிய இலக்கணத்தை ஆங்கிலத்தில் மட்டும் விளக்குவது தேவையற்ற சுற்றுவழி. ஆசிரியர்கள் அதைத் தமிழில் விளக்கட்டும். உச்சரிப்புக்கும் சொல்லுக்கும் மற்ற மொழிகளைத் துணைக்கு அழைக்கட்டும்.