ஆறு சுற்றுகளுக்கு முதல்வர்

'பார்முலா 1' கார்ப் பந்தயம் என்றதும் மைக்கேல் ஷூமாக்கரின் பெயரை நம் பிள்ளைகள் கூறிவிடுவர். அதே ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்குஸ் விங்கெல்ஹாக் என்பவரை அறிந்தோர் மிகச் சிலரே. அன்னார் இப்பந்தயத்தில் கலந்துகொண்டது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான்.

அவருடைய தந்தை மான்ஃப்ரெட் விங்கெல்ஹாக்கும் பந்தய வீரரே. 1985 ஆகஸ்டில் கனடா நாட்டின் மோஸ்போர்ட் களத்தில் அவரது கார் சுவரில் மோதியது. மறுநாள் மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்பொழுது மார்க்குஸுக்கு வயது ஐந்து. அப்பிள்ளை வளர்ந்து அதே தொழிலை நாடியபோது பெற்ற தாயின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நம் தாய்மார்களே ஊகித்துக் கொள்ளலாம்.

2007இல் 'ஸ்பைக்கர்' என்ற சிறிய அணியில் அவர் சோதனை ஓட்டுநராக இருந்தார். (இந்தியரான விஜய் மல்லையா வாங்கி, 2008 முதல் 'ஃபோர்ஸ் இந்தியா' எனப் பெயர் சூட்டியது இவ்வணிக்கே.) விளம்பரதாரரின் பணம் வந்து சேராமையால் கிறிஸ்டியான் ஆல்பர்ஸ் நீக்கப்பட, அவ்விடம் ஒரு பந்தயத்திற்கு மட்டும் மார்க்குஸுக்குக் கிடைத்தது. ஜூலை 22, களம், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். தகுதிச் சுற்றில் அவர் பெற்ற இடம் 22, அதாவது, கடைசி.

வானம் கறுத்திருந்தது. ஆயினும் ஏனையோர் உலர்ந்த சாலைக்குரிய டயர்களுடனேயே புறப்பட்டனர். ஸ்பைக்கர் அணியின் தொழில்நுட்பத் தலைவர் மைக் கேஸ்காயின், தொடக்கத்திற்கு முன்னரே மார்க்குஸை உள்ளே அழைத்து மழை டயர்களை மாட்டச் செய்தார். ஆழ்ந்த பள்ளங்கள் கொண்ட அவ்வகை டயரே நீரை வாரி ஒதுக்கிச் சாலையைப் பற்றும். சில நிமிடங்களில் பெருமழை கொட்டியது. முதல் வளைவில் ஜென்சன் பட்டன், லூயிஸ் ஹாமில்டன் போன்ற பெரும் வீரர்களின் கார்களே சறுக்கி மணலில் சிக்கின. மார்க்குஸோ கிமி ராய்க்கோனனையும் முந்தி முதலிடத்தைப் பிடித்தார்! ஒரு கட்டத்தில் அரை நிமிடத்திற்கும் மேலாக முன்னிலை பெற்றிருந்தார்.

மழை மிகுந்து பந்தயம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியபோது முதலிடத்திலிருந்து புறப்பட்டவர் அவரே. ஒரே பந்தயத்தில் கடைசியாகவும் முதலாவதாகவும் புறப்பட்ட வீரர் என்னும் சாதனை அவருக்குரியது. ஆனால் விசை மிகுந்த கார்கள் விரைவில் முந்திச் சென்றன. ஆறு சுற்றுகள் முன்னின்ற அவரது வண்டி, 13ஆம் சுற்றில் ஹைட்ராலிக் பழுதால் நின்றுவிட்டது. பந்தயத்தை வென்றவர் பெர்னாண்டோ அலோன்சோ.

இதனை வெறும் அதிர்ஷ்டம் என்பர் சிலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. டயரைத் தேர்ந்தது அணி. ஆனால் வெள்ளம் ஓடிய சாலையில் வண்டியைத் தடம் புரளாமல் செலுத்தியது அவர் கையல்லவா?

அடுத்த பந்தயத்தில் அவ்விருக்கை ஜப்பானியரான சகோன் யமமோட்டோவுக்குச் சென்றுவிட்டது. மார்க்குஸ் மீண்டும் அழைக்கப்படவேயில்லை. அவர் வேறு வகைப் பந்தயங்களுக்குத் திரும்பினார். 2012இல் ஜிடி1 உலகப் பட்டத்தை மார்க் பாசெங்குடன் வென்றார். நூர்பர்க்ரிங்கின் 24 மணிநேரப் பந்தயத்திலோ, 2012, 2014, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வெற்றி பெற்ற அணிகளில் அவர் இருந்தார்.