தாமிரபரணி வடிநிலத்தில் சுற்றுச்சூழல் சட்டங்களின் செயற்பாடு: மணல், கழிவுநீர், மருத்துவக் கழிவு ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

சுற்றுச்சூழலைக் காக்கும் சட்டங்கள் இந்தியாவில் பல உள்ளன. எனினும் அவை ஓர் ஆற்றின் கரையில் எவ்வாறு செயற்படுகின்றன என்பது தனித்து ஆராயத்தக்கது. மணல் அள்ளுதல், கழிவுநீர் கலத்தல், மருத்துவக் கழிவு கொட்டுதல் ஆகிய மூன்று சிக்கல்களைத் தாமிரபரணி வடிநிலத்தில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. அனுமதி வழங்குவதில் தெளிவாக உள்ள சட்டம், அனுமதிக்குப் பிந்தைய கண்காணிப்பில் தளர்வுறுவதே இவற்றின் பொதுக்கூறு என்பது இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தாமிரபரணி, ஆற்றுமணல், நீர் மாசுத் தடுப்புச் சட்டம், மருத்துவக் கழிவு, பசுமைத் தீர்ப்பாயம்

முன்னுரை

பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. தோற்றம் முதல் கழிமுகம் வரை முழுவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுவதால், இவ்வாற்றின் பாதுகாப்புக்கு வேறொரு மாநிலத்தின் இசைவை எதிர்நோக்க வேண்டியதில்லை. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரையிலான எட்டு அணைக்கட்டுகள் இதன் பாசனத்தைத் தாங்குகின்றன. ஆயினும் நீர்ப்பங்கீடு, கனிமம், மாசுக் கட்டுப்பாடு, நகர்ப்புறக் கழிவு என ஆற்றின் ஒவ்வொரு கூறும் தனித்தனித் துறையின் பொறுப்பில் உள்ளது. ஆறு ஒன்று, அதனை ஆளும் சட்டங்கள் பல. சிக்கலின் தொடக்கம் இதுவே.

மணலும் உரிமமும்

ஆற்றுமணல் வெறும் கட்டுமானப் பொருளன்று. வெள்ளக்காலத்தில் நீரை உள்வாங்கி, கோடையில் மெல்லக் கசியவிடுவது அதன் இயல்பு. ஆற்றுப்படுகையில் அமைந்த குடிநீர்க் கிணறுகள் இந்த மணற்படுகையையே நம்பியுள்ளன. மணல் அகற்றப்பட்டால் படுகை தாழ்கிறது, நீர்மட்டம் இறங்குகிறது, கால்வாய்த் தலைமதகுகளுக்கு நீர் ஏறுவது கடினமாகிறது.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 2003இல் சேர்க்கப்பட்ட 38-அ விதி, ஆற்றுமணல் எடுக்கும் உரிமையை அரசுக்கே உரியதாக்கியது. தனியார் குத்தகை முறையின் கேடுகளைக் களைவதே அதன் நோக்கம். ஆனால் அரசே எடுப்பவராகவும் அரசே கண்காணிப்பவராகவும் அமைந்த நிலையில் அளவுமீறலைத் தடுப்பது எளிதாக இருக்கவில்லை. பொதுவுடைமை இயக்கத் தலைவர் இரா. நல்லகண்ணு தாமிரபரணி மணற்கொள்ளைக்கு எதிராக வழக்குத் தொடுத்து, தாமே நேர்நின்று வாதிட்டார். 2010 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவ்வாற்றில் மணல் அள்ள ஐந்தாண்டுத் தடை விதித்தது.

2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் முன்னனுமதி வேண்டும் என்றது. இதனால் சட்டத்தின் ஓர் ஓட்டை அடைபட்டது. எனினும் புதிய வழிகள் தோன்றின. கல்லிடைக்குறிச்சியை அடுத்த பொட்டல் கிராமத்தில், எம்-சாண்ட் சேமிக்கப் பெற்ற அனுமதியின் மறைவில் ஓடைமணல் அள்ளப்பட்டது என்னும் குற்றச்சாட்டு, உயர் நீதிமன்ற ஆணையின்படி குற்றப்பிரிவு - குற்றப் புலனாய்வுத் துறையின் விசாரணைக்குச் சென்றது. ஒரு பொருளுக்குப் பெறும் உரிமம் வேறொரு பொருளுக்குத் திரையாகலாம் என்பதை இக்குற்றச்சாட்டு உணர்த்துகிறது.

கழிவுநீரும் இரு சட்டங்களும்

நகர்ப்பகுதிகளின் கழிவுநீர் கால்வாய்களின் வழியாகவும் நேரடியாகவும் தாமிரபரணியை அடைகிறது. 2024 நவம்பரில் மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் திருநெல்வேலிக்கே வந்து ஆற்றங்கரையைப் பார்வையிட்டனர். நீதிபதிகள் கரைக்கு வர நேர்ந்ததே நிர்வாகத்தின் நிலையைக் காட்டப் போதுமானது.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஆற்றில் மாசுப்பொருளை விடுவதை 24ஆம் பிரிவில் தடைசெய்கிறது. மீறுவோருக்குச் சிறைத்தண்டனை உண்டு. நீர் மாநிலப் பொருளாதலால், அரசமைப்பின் 252ஆம் உறுப்பின்படி மாநிலங்களின் தீர்மானத்தை அடிப்படையாகக் கொண்டு இச்சட்டம் இயற்றப்பட்டது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் சிறைத்தண்டனைகள் பலவற்றை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தொகையை அமைத்தது. ஆனால் அத்திருத்தம் முதலில் இமாச்சலப் பிரதேசம், இராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகள் ஆகியவற்றுக்கே பொருந்தியது. பிற மாநிலங்கள் தத்தம் சட்டமன்றத் தீர்மானத்தாலேயே அதனை ஏற்க இயலும்.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் நிலை வேறு. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதில் செய்த திருத்தம் நாடு முழுமைக்கும் உரியது. அங்கும் சிறைக்கு மாற்றாகத் தண்டத்தொகை வந்துள்ளது. அதனை விதிப்பவர் நீதிமன்றமன்றி, தீர்வு அலுவலர். தண்டம் விரைவில் கிடைக்கும் என்பது இம்மாற்றத்திற்குக் கூறப்படும் நியாயம். ஆனால் மாசு செய்வது உள்ளாட்சி அமைப்பாக இருப்பின், தண்டத்தொகை மக்களின் வரிப்பணத்திலிருந்தே செல்லும். மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை, வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. மாசுபட்டவரே ஈடு செய்யும் நிலை அக்கோட்பாட்டுக்கு முரணானது.

எல்லை கடந்த மருத்துவக் கழிவு

2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைகளின் கழிவுகள் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கோடகநல்லூர் உள்ளிட்ட ஊர்ப்பகுதிகளில் கொட்டப்பட்டிருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதனைத் தானாக முன்வந்து விசாரித்தது. கேரளமே அகற்ற வேண்டும் என்னும் ஆணையைத் தொடர்ந்து, டிசம்பர் 22 அன்று லாரிகளில் கழிவு திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது. தீர்ப்பாயத்துக்கு இவ்வாறு தானாக விசாரிக்கும் அதிகாரம் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதிசெய்திருந்தது.

2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. பைகளுக்குப் பட்டைக்குறியீடு வேண்டும். கழிவைத் தோற்றுவித்த நிறுவனமே பொறுப்பாளி. விதி குறைவற்றது. மருத்துவமனை வாயிலுக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் இடைப்பட்ட சாலையில்தான் கண்காணிப்பு அறுபட்டது.

மூன்றின் பொதுத்தன்மை

மூன்றிலும் சட்டம் இல்லாமை குறையன்று. முதலாவதாக, அனுமதியில் எழுதப்பட்ட அளவும் களத்தில் நிகழும் அளவும் ஒப்பிடப்படுவதில்லை. இரண்டாவதாக, கேடு நேர்ந்த பின்னரே, பெரும்பாலும் நீதிமன்றத்தின் வழியே, சட்டம் விழித்துக்கொள்கிறது. மூன்றாவதாக, மெய்ப்பிக்கும் சுமை ஆற்றங்கரை மக்கள்மீது விழுகிறது. நீதிமன்றத் தடைக்குக் காலவரை உண்டு. திருப்பி அனுப்பப்பட்ட லாரி மீண்டும் வரலாம். அகற்றிய மணலோ எளிதில் மீளக் குவிவதில்லை.

முடிவுரை

தாமிரபரணி வடிநிலத்திற்கெனத் துறைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பமைப்பு ஒன்று தேவை. கனிம உரிமங்களின் அளவு, எல்லை, காலம் ஆகியவை ஊராட்சிதோறும் தமிழில் வெளியிடப்படல் வேண்டும். கழிவுநீர் கலக்கும் ஒவ்வோர் இடத்திற்கும் பொறுப்பான அலுவலரும் அதனைச் சீர்செய்யும் கெடுநாளும் அறிவிக்கப்படல் வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை; உள்ள அதிகாரங்களைப் பயன்படுத்தினால் போதும். ஒரே மாநிலத்துக்குள் தோன்றி முடியும் ஆற்றைக்கூடக் காக்க இயலாதெனில், அக்குறையை அண்டை மாநிலங்கள்மீது சுமத்த இடமில்லை.