ஐடியா வேணுமா? குடுமியான்மலைக்குக் கிளம்புங்க!

'தம்பி, லோகோ சும்மா நச்சுனு இருக்கணும். நாளைக்குக் காலையில வேணும்!' - டீக்கடை முதல் ஜவுளிக்கடை வரை எல்லா கிளையன்ட்டும் அடிக்கிற டயலாக் இதுதான். உடனே நீங்க என்ன பண்ணுவீங்க? நெட்ல நாலு டிசைனைப் பார்த்து, ரெண்டை மிக்ஸ் பண்ணி, கலரை மாத்தி... மேட்டர் ஓவர்!

ஆனா பாஸ், அந்தக் கடைக்காரர் போர்டு, பை, பில் புக்னு எல்லாத்திலும் அதை அடிச்ச பிறகு டிரேட்மார்க் பதிவுக்குப் போனா? ஏற்கெனவே இருக்கிற சின்னத்தோடு குழப்புற மாதிரி இருந்தால், 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி பதிவை மறுக்கலாம். சுட்டது நீங்க, காசு போறது அவருக்கு!

அப்போ ஐடியாவுக்கு எங்கே போறது? புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கு குடுமியான்மலை.

குடுமி எங்கே?

இங்கே சாமி பேரு சிகாநாதர். பிரசாதப் பூவில் முடி இருந்ததைப் பார்த்து ராஜா கேட்க, 'சாமிக்கே குடுமி உண்டு'னு அர்ச்சகர் சமாளிக்க, லிங்கத்தில் நிஜமாவே குடுமி வந்துச்சுன்னு தல புராணம் சொல்லுது. ஊரெல்லாம் லிங்கம் இருக்கு. இந்த லிங்கத்தை மட்டும் மறக்க முடியாம பண்றது அந்தக் குடுமி! உங்க கிளையன்ட்கிட்டயும் அப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். அதைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க.

பாறையில் ஒரு சிஸ்டம்

குடைவரைக் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. 7-ம் நூற்றாண்டு வாக்கில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டியது. 7 பிரிவு. ஸ்வரங்கள் நாலு நாலா வரிசை கட்டி நிக்குது. ஒரே ஸ்வரம் ஸ, ஸி, ஸு, ஸே என்று உயிரொலியை மட்டும் மாத்திக்கிட்டு வருது. அதுக்கு என்ன அர்த்தம்னு அறிஞர்கள் இன்னமும் விவாதிக்கிறாங்க. நமக்குப் பாடம் வேற. கொஞ்சம் எழுத்து, ஒரே விதி, விதவிதமான வடிவங்கள்! போர்டு, பை, பில் எல்லாம் ஒரே குடும்பமா தெரிய பிராண்ட் டிசைனர் செய்றதும் இதைத்தானே? இன்னொரு விஷயம்... இது சீடர்களின் நன்மைக்காகச் செய்ததுன்னு கல்வெட்டே சொல்லுது. யாருக்காகங்கிற கேள்விக்கு அப்பவே பதில் ரெடி!

அதுக்காக எல்லா கடைக்கும் கோபுரப் படத்தை ஒட்டிடாதீங்க. எடுக்க வேண்டியது படத்தை அல்ல, அது எப்படி அமைஞ்சிருக்குங்கிறதை. 2010-ல் நம்ம ரூபாய்க் குறியை மத்திய அரசு ஏத்துக்கிச்சே, அதை வடிவமைச்ச தமிழர் உதயகுமார் தேவநாகரி 'ர'வையும் ஆங்கில 'ஆர்' எழுத்தையும்தான் இணைச்சார். கோயில், யானை, மயில்னு எதுவுமே இல்லையே!

கிளம்புறீங்களா? செல்போனைப் பைக்குள்ள போட்டுட்டு முதல் அரை மணி நேரம் பென்சிலால் மட்டும் வரையுங்க. கல்வெட்டு மேல சாக்பீஸ் போடறது, தேய்க்கிறது எல்லாம் நோ! அது பாதுகாக்கப்பட்ட சின்னம்.

லோகோ ரெடியானதும் அது பிறந்த கதையையும் கிளையன்ட்கிட்ட சொல்லுங்க. ரேட் கொஞ்சம் கூட்டிக் கேட்டாலும் தப்பில்லை!