மேரி கோமா, நிகத் ஜரீனா? காலம் கடந்த ஒப்பீட்டில் விடை கிடைக்குமா?

வெவ்வேறு காலகட்டங்களில் உச்சத்தில் இருந்த இரு குத்துச்சண்டை வீரர்கள் மோதினால் வெற்றி யாருக்கு? ரசிகர்களிடையே ஓயாத இந்த விவாதம், இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு ஒலிம்பிக் வாய்ப்பு தொடர்பான சர்ச்சையாகவே உருவெடுத்தது.

சர்ச்சையின் பின்னணி

டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக்கான 51 கிலோ பிரிவில், ஆறு முறை உலக சாம்பியனான மேரி கோமை தேர்வுப் போட்டியின்றி அனுப்ப குத்துச்சண்டை சம்மேளனம் விரும்பியது. இதை எதிர்த்த நிகத் ஜரீன், நியாயமான வாய்ப்பு கோரி அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் கிரண் ரிஜிஜுவுக்கு கடிதம் எழுதினார். இறுதியில் டிசம்பர் 28-ஆம் தேதி தில்லியில் நடைபெற்ற தேர்வுப் போட்டியில், 37 வயது மேரி கோம் 9-1 என்ற கணக்கில் 23 வயது நிகத்தை வென்றார்.

ஆனால், விவாதம் அத்துடன் முடியவில்லை. 2022, 2023-ஆம் ஆண்டுகளில் நிகத் உலக சாம்பியன் பட்டம் வென்றதும் ஒப்பீடு மீண்டும் தொடங்கியது.

ஒப்பீடு ஏன் கடினம்?

முதல் காரணம் எடைப் பிரிவு. மேரி கோமின் உலகப் பட்டங்கள் 45 முதல் 48 கிலோ வரையிலான பிரிவுகளில் கிடைத்தவை. நிகத்தின் பட்டங்கள் 52, 50 கிலோ பிரிவுகளைச் சேர்ந்தவை.

இரண்டாவது காரணம் விதிகள். மேரி கோம் வெண்கலம் வென்ற 2012 லண்டன் ஒலிம்பிக்கில், மகளிர் ஆட்டம் தலா 2 நிமிடங்கள் கொண்ட நான்கு சுற்றுகளாக நடைபெற்றது. இலக்கில் விழும் குத்துகளை நடுவர்கள் பொத்தானை அழுத்திப் பதிவு செய்தனர். தற்போது தலா 3 நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் மேலோங்கியவருக்கு 10 புள்ளிகள் வழங்கப்படுகின்றன. எனவே, விலகி நின்று குத்துகளைச் சேர்த்துக்கொள்ளும் பாணிக்கு முன்பு கிடைத்த பலன் இப்போதும் அப்படியே கிடைக்கும் எனக் கூற இயலாது.

கணினியின் தீர்ப்பு

இத்தகைய கேள்விக்குக் கணினி மூலம் விடை காணும் முயற்சியும் நடந்துள்ளது. தோல்வியே காணாமல் 49 வெற்றிகளுடன் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவும் முகமது அலியும் மோதும் கற்பனை ஆட்டம் படமாக்கப்பட்டு 1970-இல் வெளியானது. அமெரிக்காவில் திரையிடப்பட்ட படத்தில் மார்சியானோ 13-ஆவது சுற்றில் நாக்-அவுட் முறையில் வென்றார். பிரிட்டனில் காட்டப்பட்ட பதிப்பில் அலி வென்றார்.

எந்த எடையில், எந்த விதிகளின்படி என்பதைத் தெளிவுபடுத்தாத வரை இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை. அணித் தேர்வைப் பொறுத்தவரை, யார் சிறந்தவர் என்பதைக் காட்டிலும், தற்போது யார் தயாராக இருக்கிறார் என்பதே முக்கியம். 2019-இல் நிகத் கோரியதும் அதற்கான போட்டியைத்தான்.